விடிய விடிய டெக்

கேள்வி: டி.வி.யும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, தெருவே கூடிப் படம் பார்த்த காலத்தை மறக்க முடியவில்லை. பரணில் எங்கள் கல்யாணக் கேசட் கிடக்கிறது. இனி அதைப் போட்டுப் பார்க்க முடியுமா?

பதில்: முடியும், தள்ளிப்போடாதீர்கள். 1980களில் டெக், அதாவது வீடியோ கேசட் ஓடும் கருவி, வாங்குவது நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றுக்கு எட்டாத காரியம். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு ராத்திரிக்கு எடுத்தார்கள். விடிந்தால் திருப்பித் தர வேண்டுமே, அதனால் மூன்று படமாவது ஓடியாக வேண்டும்! கடைப் பையன் ஒயரை மாட்டி, திரையில் கோடு ஓடினால் டிராக்கிங் குமிழைத் திருகிச் சரிசெய்வான். இடைவேளையில் யார் வீட்டிலிருந்தாவது காபி வரும். அந்தக் கூட்டம்தான் உங்களை இப்போதும் இழுக்கிறது என்று நினைக்கிறேன், எனக்கும் அப்படித்தான்.

உங்கள் கேசட் பெரும்பாலும் வி.எச்.எஸ். வகையாக இருக்கும். 1975இல் சோனியின் பீட்டாமேக்ஸ் முந்தி வந்தும், அடுத்த ஆண்டு ஜே.வி.சி. கொண்டுவந்த வி.எச்.எஸ்.தான் வென்றது. தொடக்கத்தில் பீட்டாவில் ஒரு மணி நேரம்தான் பதியும், வி.எச்.எஸ்.ஸில் இரண்டு. ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016இல் டெக் தயாரிப்பை நிறுத்திவிட்டது. பழைய டெக்குகளைப் பழுதுபார்ப்பவர்களும் குறைந்துவருகிறார்கள்.

முதலில் கேசட்டின் கண்ணாடி வழியே நாடாச் சுருளைப் பாருங்கள். வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பூஞ்சை. டெக்கில் போட்டுவிடாதீர்கள், ஹெட்டிலும் ஒட்டிக்கொள்ளும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். முதுகுப்பக்க ஓரத்தில் சின்ன பிளாஸ்டிக் பட்டை உடையாமல் இருந்தால் உடைத்துவிடுங்கள். மேலே எதுவும் தவறிப் பதியாது. பிறகு வீடியோ ஸ்டுடியோவில் கொடுத்து டிஜிட்டலாக மாற்றி, இரண்டு இடத்தில் பிரதி வையுங்கள்.