பத்திரத்தை எடுக்கும் முன்

சின்னமனூர்,
ஞாயிறு இரவு.

அன்பு மருமகளுக்கு,

உன் அப்பா நேற்று போன் பண்ணினார். சென்னையில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் உனக்கு பி.எஸ்சி. இயற்பியல் கிடைத்திருக்கிறதாம், வாழைத்தோட்டத்துப் பத்திரத்தை வங்கியில் வைக்கப்போகிறாராம். பணம் கட்டுமுன் இதைப் படி.

இயற்பியல் மூன்று வருஷத்தில் சோறு போடும் படிப்பு இல்லையம்மா. பி.எஸ்சி. மூன்று, எம்.எஸ்சி. இரண்டு, அதற்குமேல் முனைவர் பட்டத்துக்கு ஐந்தாறு. அதுவரை வட்டி தூங்காது. முதல் மூன்று வருஷத்திலேயே கடன் கழுத்தைப் பிடித்தால், படிப்பை விட்டு வேலைக்கு ஓடுவாய். எனக்கு அதுதான் பயம்.

பெரிய கல்லூரிப் பெயருக்கு மதிப்பில்லை என்று சொல்லமாட்டேன். ஐசர் அறிவியல் நிறுவன நுழைவுத்தேர்வு எழுதியிருக்கிறாயே, முடிவு வரட்டும். திருப்பதியோ திருவனந்தபுரமோ கிடைத்தால் யோசிக்காமல் போ. கூடப் படிக்கிற பிள்ளைகளே உன்னை இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். இன்ஸ்பயர் உதவித்தொகை அமைந்தால் வருஷத்துக்கு 80,000 ரூபாய்.

ஐசர் கிடைக்காவிட்டால் உத்தமபாளையம் கருத்தராவுத்தர் கல்லூரிக்கு வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரலாம். மதுரையில் அமெரிக்கன் கல்லூரி, தியாகராசர் கல்லூரி இருக்கின்றன. எய்டடா, செல்ஃப் பைனான்ஸா என்று மட்டும் மறக்காமல் கேள். ஒரே காம்பவுண்டுக்குள் ஒரே பட்டத்துக்குக் கட்டணம் வேறுவேறாக இருக்கும்.

பக்கத்துக் கல்லூரியில் தொடங்கினால் என்ன? வருசநாட்டு மலைக்கு அந்தப்புறம் வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்தவர் கே.எஸ். கிருஷ்ணன். அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை கிறித்தவக் கல்லூரியிலும் படித்துவிட்டு, 1920-இல் கல்கத்தா போனார். 1928-இல் ராமன் விளைவைக் கண்டறிந்த சோதனைகளில் ராமனுடன் நின்றவர் அவர். இன்று உனக்கு அந்தக் கல்கத்தா வழி, ஜாம் தேர்வு. எந்தக் கல்லூரியில் பி.எஸ்சி. படித்தாலும் எழுதலாம், ஐஐடி எம்.எஸ்சி.க்கு அதுதான் வாசல். பிறகு ஆய்வில் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். பெரிய பெயரை, உனக்குப் பணம் கொடுத்துக் கூப்பிடுகிற இடத்தில் வாங்கிக்கொள்.

கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டடத்தில் மயங்காதே. ஆய்வகத்தில் ஒரு ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார். முப்பது வருஷம் பாடம் நடத்தியவன் சொல்கிறேன்: முப்பட்டகத்தை நீயே திருப்பி, சிறும திசைமாற்றத்தில் கோடு நின்று திரும்புவதை உன் கண்ணால் பார்க்க வேண்டும். பக்கத்தில் நின்று எண்ணைக் குறித்துக்கொண்டால் இயற்பியல் வராது. மூன்றாம் வருஷப் பிள்ளைகளிடம், ஜாம் எழுதியவர்கள் உண்டா என்றும் விசாரி.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் மதுரை போவோம். அப்பாவையும் கூட்டி வா. ஆய்வகத்தை அவரும் பார்க்கட்டும்.

அன்புடன்,
மாமா