தலைகீழாகச் சென்றும் ஏன் விழுவதில்லை?

சென்ற விடுமுறையில், ரோலர் கோஸ்டர் வண்டி ஒரு வளையத்தில் தலைகீழாகச் சுழல்வதைத் தொலைக்காட்சியில் கண்ட அம்மா, "ஏம்ப்பா, இவங்க கீழே விழலையே?" என்று கேட்டார். "மையவிலக்கு விசைம்மா, அது மேலே தள்ளுது" என்றேன். இயற்பியல் மாணவனாகிய நான் சொன்ன அந்தப் பதில் தவறு. தமிழ்ப்பள்ளியில் 'விசை' என்றும், இடைநிலைப்பள்ளியில் 'டாயா' என்றும், இங்கே 'ஃபோர்ஸ்' என்றும் எழுதித் தேர்ச்சி பெற்றேனே தவிர, அம்மாவுக்கு விளக்கும் அளவுக்கு நான் புரிந்துகொள்ளவில்லை. சரியான விளக்கத்தை இங்கே பார்ப்போம்.

நீருள்ள வாளியைத் தலைக்கு மேல் வேகமாகச் சுழற்றினால் நீர் கொட்டுவதில்லை. தரையில் நின்று பார்ப்பவருக்கு, நீரை வெளியே தள்ளும் விசை எதுவும் அங்கில்லை. ஓடும் பொருள் நேர்க்கோட்டில் செல்லவே முயலும். அதை வளைக்க மையத்தை நோக்கி ஒரு விசை வேண்டும். இதுவே மையநோக்கு விசை. வளையத்தின் உச்சியில் மையம் நமக்குக் கீழே உள்ளது. ஈர்ப்பு விசையும் கீழ்நோக்கியே இழுக்கிறது. ஆகவே, அது நம் பாதையை வளைப்பதிலேயே செலவாகிவிடுகிறது. வேகம் இன்னும் கூடினால், இருக்கையும் நம்மை மையத்தை நோக்கித் தள்ள வேண்டும். அந்த அழுத்தத்தைத்தான் நாம் உணர்கிறோம்.

இனி ஒரு கணக்கு. 10 மீட்டர் ஆரமுள்ள வட்ட வளையத்தின் உச்சியைக் கடக்க, மணிக்கு ஏறத்தாழ 36 கிலோமீட்டர் வேகம் வேண்டும். உராய்வை விட்டுவிட்டால், அடியில் 80 கிலோமீட்டர் வேகத்தில் நுழைய வேண்டும். அங்கே நம்மை வளைக்க எடையைப்போல் 5 மடங்கு விசை, எடையைத் தாங்க 1 மடங்கு, மொத்தம் 6 மடங்கு! 60 கிலோ எடையுள்ளவர் 360 கிலோவாக இருப்பதுபோல் உணர்வார். ஆரத்தை மாற்றினாலும் இந்த 6 மாறாது.

நியூயார்க்கின் கோனி தீவில் 1895-இல் திறக்கப்பட்ட 'ஃபிளிப் ஃபிளாப்' வளையம் வட்டமாகவே இருந்தது. பயணிகளின் கழுத்தைப் பதம் பார்ப்பதாகப் பெயர் வாங்கியது. மாற்ற வேண்டியது அளவையன்று, வடிவத்தை. 1976-இல் கலிஃபோர்னியாவின் மேஜிக் மௌண்டன் பூங்காவில் திறக்கப்பட்ட 'ரெவலூஷன்' வளையத்தை, ஜெர்மானியப் பொறியாளர் வெர்னர் ஸ்டெங்கல் கண்ணீர்த்துளி வடிவில் அமைத்தார். அடியில் ஆரம் பெரிது. அதனால் விசை குறைகிறது. உச்சியில் ஆரம் சிறிது. அதனால் குறைந்த வேகமே போதுகிறது.

இதையெல்லாம் அம்மாவிடம் மீண்டும் விளக்கினேன். "அப்போ விழுந்துக்கிட்டேதான் போறாங்க, தண்டவாளமும் கூடவே வளையுதுன்னு சொல்லு" என்றார். அந்த ஒரு வரி என் தேர்வுத்தாளில் இருந்ததில்லை. நண்பர்களே, நீங்கள் படித்த ஒன்றை இன்றே வீட்டில் தமிழில் சொல்லிப் பாருங்கள். புரிந்ததா, மனனம் செய்ததா என்பது தெரிந்துவிடும்.