எடை மட்டும் ஜெயிக்குமா?
ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் சின்ன ஆளும் பெரிய ஆளும்
(இறுதியாண்டு மாணவர், இயந்திரவியல் துறை)



விடுதியில் ராத்திரி பதினொரு மணிக்கு மேல் ஆரம்பிக்கிற விவாதம் எதுவும் முடிந்ததாகச் சரித்திரம் இல்லை. 'சார்பட்டா பரம்பரை' படத்தை மூன்றாவது தடவை பார்த்த ராத்திரி, "குள்ளமா இருக்கிறவன் மலை மாதிரி ஆளை நிஜத்துல அடிக்க முடியுமாடா?" என்று ஒருவன் கேட்டான். "முடியும்" என்று நான் மட்டும் சொன்னேன். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். என் எடை 46 கிலோ என்பது அவர்களுக்குத் தெரியும்.

சிரிப்பு பரவாயில்லை. ஆனால் அதற்கு முந்தின வாரம்தான் ஒரு கம்பெனி நேர்முகத் தேர்வுக்குப் போய் வந்திருந்தேன். (பெயர் வேண்டாம்.) மார்க் ஷீட்டைப் பார்ப்பதற்கு முன்பே என்னை மேலும் கீழும் பார்த்து, "தம்பி, இந்த உடம்பை வெச்சுக்கிட்டு ஷாப் ஃப்ளோர்ல நிப்பியா?" என்றார்கள். அதனால் எனக்கு அந்தக் கேள்வி வெறும் சினிமாக் கேள்வியாக இல்லை. நூலகம், இன்டர்நெட் என்று ஒரு மாதம் தேடினேன். கிடைத்த விடை நான் ஆசைப்பட்டது மாதிரி முழுசாக வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

முதலில் நமக்குத் தெரிந்த கணக்கு. 1919 ஜூலை 4, அமெரிக்காவில் ஓஹியோ மாநிலம் டொலீடோ நகரம். சாம்பியன் ஜெஸ் வில்லார்ட், உயரம் ஆறரை அடி, எடை 111 கிலோ. எதிரே ஜாக் டெம்ப்சி, ஆறடி ஒரு அங்குலம், 85 கிலோ. 111-ஐ 85-ஆல் வகுத்தால் சுமார் 1.31. உடம்பு எடை முழுவதும் குத்தில் போய்ச் சேராது. இருந்தாலும் விகிதத்துக்காக எடுத்துக்கொள்வோம். உந்தம் சமமாக வேண்டுமென்றால் டெம்ப்சியின் கை 31 சதவீதம் வேகமாகப் போக வேண்டும். இயக்க ஆற்றல் சமமாக வேண்டுமென்றால், அங்கே வேகம் இருமடியில் வருவதால், 14 சதவீதம் வேகம் போதும். விவாதத்தில் நான் இந்த 14-ஐ மட்டும் சொல்லிவிட்டு 31-ஐ மறைத்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்!

ஆனால் உண்மையான விஷயம் வேறு இடத்தில் இருக்கிறது. தாடையை ஒரு நெம்புகோலின் நுனி என்று நினைத்துக்கொள்ளுங்கள். கழுத்துதான் சுழலும் இடம். விசை பெருக்கல் தூரம் என்று முதலாண்டிலேயே படித்தோமே, அதேதான். நுனியில் படுகிற குத்து தலையைச் சட்டென்று திருப்புகிறது. உள்ளே மூளை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் ஆள் சாய்கிறான். உடம்பு 26 கிலோ கூடினால் தலையும் அதே விகிதத்தில் கனத்துவிடாது. தடித்த கழுத்து கொஞ்சம் காப்பாற்றும், அவ்வளவுதான். ஆக, எதிராளியின் உடம்பு முழுவதையும் தள்ளுகிற அளவு விசை வேண்டியதில்லை. அந்த நுனிக்குத் தேவையான விசை 85 கிலோ ஆளிடம் இருக்கிறது.

டெம்ப்சியிடம் இருந்தது. முதல் ரவுண்டிலேயே வில்லார்ட் ஏழு தடவை விழுந்தார். மூன்றாவது ரவுண்டு முடிந்து நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

இதைப் படித்த அன்று எனக்குத் தரையில் கால் படவில்லை. அறை அறையாகப் போய்ச் சொன்னேன். இன்னும் கொஞ்சம் படித்தபோதுதான் இறங்கி வந்தேன். வில்லார்டுக்கு அப்போது வயது 37. பட்டத்தை வைத்துக்கொண்டு மூன்று வருஷமாக ஒரு பட்டச் சண்டையும் போடவில்லை. அதோடு, விழுந்தவன் எழுகிற வரை அடித்தவன் தூரத்து மூலைக்குப் போய் நிற்க வேண்டும் என்கிற விதி அன்று இல்லை. டெம்ப்சி தலைக்கு மேலேயே நின்றுகொண்டு, எழ எழ அடித்தார். இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1921-இல் பிரான்ஸ் நாட்டு ஜார்ஜ் கார்ப்பென்டியர் டெம்ப்சியோடு மோத வந்தார். அந்த மேடையில் டெம்ப்சிதான் பெரிய ஆள்! நாலாவது ரவுண்டில் கார்ப்பென்டியர் அவுட்.

1935-இல் 89 கிலோ ஜோ லூயிஸ், 118 கிலோ ப்ரீமோ கார்னேராவை ஆறாவது ரவுண்டில் முடித்தார். அதையும் நான் என் கட்சிக்குச் சேர்த்துக்கொண்டேன். ஆனால் கார்னேராவிடம் உருவம் இருந்த அளவுக்கு வித்தை இல்லை. பழைய காலத்து ராட்சதர்கள் பலர் இப்படித்தான்: வளர்ந்த பிறகு யாரோ பார்த்து மேடைக்கு இழுத்து வந்தவர்கள். வில்லார்டே இருபத்தேழு வயதுக்கு மேல்தான் கையுறை மாட்டினார்.

இது எப்போது மாறியது? 1984 ஒலிம்பிக்கில் 91 கிலோவுக்கு மேல் என்று சூப்பர் ஹெவிவெயிட் பிரிவைத் தனியாக வைத்தார்கள். அதற்கப்புறம் பெரிய பையன்கள் சின்ன வயதிலிருந்தே முறையாகக் கற்றுக்கொண்டு வந்தார்கள். 1988-இல் அதில் தங்கம் வாங்கியவர் லெனாக்ஸ் லூயிஸ். 1996-இல் விளாடிமிர் கிளிட்ச்கோ. இவர்கள் இடது கையை நீட்டியே சின்ன ஆளைத் தூரத்தில் நிறுத்துவார்கள். அதையும் தாண்டி உள்ளே வந்தால் கட்டிப்பிடித்து முழு எடையையும் அவன் தோளில் சாய்ப்பார்கள். 2002-இல் மெம்ஃபிஸ் நகரில் லெனாக்ஸ் லூயிஸ் எட்டாவது ரவுண்டில் மைக் டைசனை வீழ்த்தினார். டைசன் ஐந்தடி பத்து அங்குலம், லூயிஸ் ஆறடி ஐந்து. அன்று டைசனுக்கு வயதாகிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். (டைசன் ரசிகர்கள் என் அறைக்கு வர வேண்டாம்!)

எங்க அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். என்னைவிட அரை சாண்தான் உயரம். இந்தக் கதையெல்லாம் சொன்னபோது அவர் ஒன்றுதான் கேட்டார்: "எவ்வளவு நேரம்டா சண்டை?" ஏன் என்று கேட்டேன். "பெரிய ஆளுக்கு முதல் இருபது மூட்டை சுலபம். அறுபதாவது மூட்டைல பார்க்கணும்" என்றார். யோசித்துப் பார்த்தால் அது நம் பாடம்தான். உடம்பு பெரிதாகும்போது எடை கனஅளவைப் பொறுத்துக் கூடுகிறது. தசையின் பலமோ குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. தன் உடம்பைத் தூக்கிக்கொண்டு நகர்வதற்கே பெரியவனுக்கு அதிகம் செலவாகிறது. ஆனால் சண்டை வருஷத்துக்கு வருஷம் சுருங்கிவிட்டது. 1915-இல் ஹவானாவில் வில்லார்ட் பட்டம் வாங்கிய சண்டை 45 ரவுண்டுக்கு ஒப்பந்தம்; 26-இல் முடிந்தது. (அங்கே ஜெயித்தது பெரிய ஆள் என்பது எனக்குக் கொஞ்சம் இடிக்கத்தான் செய்கிறது.) பிறகு 15 ஆனது. 1982-இல் கொரிய வீரர் கிம் டுக் கூ அடிபட்டு இறந்த பிறகு 12 ஆக்கினார்கள். உயிரைக் காப்பாற்றும் மாற்றம், சரிதான். ஆனால் அப்பா சொன்ன அறுபதாவது மூட்டை இப்போது வருவதே இல்லை.

அப்படியென்றால் இந்தக் காலத்தில் வாய்ப்பே இல்லையா? 2009-இல் டேவிட் ஹே 99 கிலோவில் நின்று, ஏழடி உயரமும் 143 கிலோவும் உள்ள நிகோலாய் வலுயேவைப் புள்ளிக் கணக்கில் ஜெயித்தார். அதே ஹே 2011-இல் விளாடிமிர் கிளிட்ச்கோவிடம் தோற்றார். மெதுவான பெரிய ஆளைச் சமாளித்தவருக்கு வித்தை தெரிந்த பெரிய ஆளைச் சமாளிக்க முடியவில்லை.

அதற்கு விடை உக்ரைனிலிருந்து வந்தது. ஒலெக்சாண்டர் உசிக், 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 91 கிலோ பிரிவில் தங்கம். 2024 மே மாதம் ரியாத் நகரில் டைசன் ஃபியூரியோடு மோதினார். ஃபியூரி ஆறடி ஒன்பது அங்குலம், 119 கிலோ, உசிக் 101. கை நீளத்தில் மட்டும் ஏழு அங்குலம் குறைவு. நடுவில் சில ரவுண்டுகளில் உசிக் திணறினார். பார்க்கவே கஷ்டமாக இருந்தது. ஆனால் கால் நிற்கவே இல்லை. இடது கைக்காரர் என்பதால் ஃபியூரியின் முன்காலுக்கு வெளிப்பக்கமாகவே தன் முன்காலை வைத்துக்கொண்டு கோணத்தை மாற்றிக்கொண்டே இருந்தார். ஒன்பதாவது ரவுண்டில் அடிமேல் அடி. கயிறு தாங்கியிருக்காவிட்டால் ஃபியூரி கீழே. மூன்று நடுவர்களில் இருவர் உசிக் பக்கம். டிசம்பரில் ஃபியூரி 127 கிலோவாக ஏறி வந்தார். இந்த முறை மூவருமே 116-112 என்று உசிக்குக்குக் கொடுத்தார்கள்.

விவாதத்தில் நான் ஜெயித்துவிட்டேன் என்று அறைக்கு வந்து சொன்னேன். கேள்வி கேட்ட அதே நண்பன், "உசிக் உயரம் என்ன?" என்றான். ஆறடி மூன்று அங்குலம். நம் விடுதிக் கட்டிலில் அவர் கால் நீட்டிப் படுக்க முடியாது. டெம்ப்சி இன்றைக்கு இருந்திருந்தால் 90.7 கிலோ வரம்புள்ள குரூஸர்வெயிட்டில்தான் சேர்த்திருப்பார்கள். என் 46 கிலோவுக்கு ஹெவிவெயிட் பக்கமே வேலை இல்லை.

அடுத்த மாதம் இன்னொரு நேர்முகத் தேர்வு வருகிறது. விண்ணப்பத்தில் எடை என்ற கட்டத்தில் 50 என்று போடச் சொன்னார்கள் நண்பர்கள். 46 என்றே எழுதியிருக்கிறேன். "நிப்பியா?" என்று இந்த முறையும் கேட்டால், எத்தனை மணி நேர ஷிஃப்ட் என்று திருப்பிக் கேட்கலாம் என்றிருக்கிறேன்.