ஓநாய் பாயாத காடு

சேரங்கோட்டில் பொழுது சாய்ந்தபின் தேயிலைத் தோட்டப் பாதைகளில் தனியே நடக்க மக்கள் அஞ்சுவர், யானை வரும். மலையிலேயே பிறந்தும் விரும்பிய நேரத்தில் அம்மலையில் உலவ இயலாத மாணவர்க்குக் கணினித் திரையில் விரியும் இன்னொரு மலைநாடு எத்துணை விடுதலை!

2011 நவம்பரில் வெளிவந்த 'ஸ்கைரிம்' என்னும் விளையாட்டு அத்தகைய கற்பனை நாடு. பனிமுடி, ஊசியிலைக்காடு, அருவி யாவும் அங்குண்டு. ஆயினும் நின்று நோக்கவிடாது ஓநாய் பாயும். டிராகன் தீ உமிழும். இதனை மாற்றலாம். அதனை உருவாக்கிய பெதஸ்டா நிறுவனமே 2012 பிப்ரவரியில் 'கிரியேஷன் கிட்' என்னும் திருத்தக் கருவியைக் கட்டணமின்றி வழங்கியது. ஆர்வலர் இயற்றும் இத்தகைய மாற்றக் கோப்புகளே 'மோட்' எனப்படுகின்றன.

இங்கு வரிசையே முதன்மையானது. இரு மோட்கள் ஒரே ஓநாயின் இயல்பைத் திருத்துமாயின், பின்னர் ஏற்றப்படுவதே செல்லும். சீற்றம் தணித்த ஓநாய் மீண்டும் பாய்கிறதா? கருவியைக் கடிந்துகொள்ளுமுன் வரிசையைப் பாருங்கள். ஆட்டத்தின் இடையே மோடை நீக்குவதும் தகாது. சேமித்த பயணமே சிதையக்கூடும்.

அச்சத்தை முற்றும் அகற்றினால் காடு பூங்காவாகிவிடும் என்பது என் எண்ணம். டிராகனை நீக்கிவிட்டு, தொலைவில் ஊளையிடும் ஓநாயை விட்டுவைப்போரும் உளர். சேரங்கோட்டுப் பிள்ளைகள் எதனை விட்டுவைப்பர்?