தங்கமா, அரிசியா, அண்ணாச்சி கடை நோட்டா?

கேள்வி: அரசாங்கம், பேங்க், கரண்ட் எல்லாமே இல்லாமல் போய்விட்டால் எதைக் கொடுத்து எதை வாங்குவோம்? அரிசிதான் பணம் என்கிறான் என் பேரன். ஒவ்வோர் அட்சய திருதியைக்கும் தி.நகருக்குப் போய் நான் வாங்கிச் சேர்த்த அரைப் பவுன், ஒரு பவுன் காசுகளைக் காட்டி, ‘இதுதாண்டா’ என்கிறேன் நான். யார் சொல்வது சரி?
— ஒரு வாசகி, மயிலாப்பூர்

பதில்: அன்புள்ள அம்மா,

இதற்கு ஒரு சின்ன ஒத்திகையை நம் ஊரே பார்த்திருக்கிறது. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். புழக்கத்தில் இருந்த நோட்டுகளின் மதிப்பில் சுமார் 86 விழுக்காடு அவைதாம். கார்டைத் தேய்த்துச் சமாளிக்கப் பழகிக்கொண்டிருந்தபோதே டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தது. மரங்கள் சாய்ந்தன, கரண்ட் போனது, செல்போனில் சிக்னல் இல்லை. கையில் புத்தம்புது 2000 ரூபாய் நோட்டு இருக்கும், கடையில் பால் பாக்கெட்டும் இருக்கும். மீதி கொடுக்கச் சில்லறை இருக்காது.

நான் அப்போது மந்தைவெளியில் இருந்தேன். தெருமுனை அண்ணாச்சி அரிசியும் மெழுகுவத்தியும் கொடுத்துவிட்டு, நீளமான ஒரு நோட்டில் என் பெயருக்கு நேரே தொகையை எழுதிக்கொண்டார். எங்கள் வீட்டில் வேலை செய்த அம்மாவுக்குச் சம்பளம் கொடுக்க என்னிடம் பணம் இல்லை. ‘அவங்களுக்கு வேண்டிய மளிகையைக் கொடுத்துட்டு என் கணக்கில் எழுதிக்குங்க’ என்றேன். தலையாட்டினார். அந்த அம்மா பருப்பும் எண்ணெயும் வாங்கிப் போனார். நான் பட்ட கடன் அவருக்குச் சம்பளமாகிவிட்டது. கைமாறிப் போகக்கூடிய கடனைத்தான் பணம் என்கிறோம். அந்த வாரம் எங்கள் தெருவின் ரிசர்வ் பேங்க் அந்த நோட்டுதான்.

நாடு முழுக்க இது நடந்ததும் உண்டு. 1970இல் அயர்லாந்தில் வங்கிகள் ஆறு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தத்தால் மூடிக்கிடந்தன. மக்கள் செக் எழுதிக் கொடுத்தார்கள், அது கைமாறிக்கொண்டே போனது. எவர் எழுதிய செக்கை நம்பலாம் என்று அந்தந்த ஊர் மதுக்கடைக்காரருக்கும் மளிகைக்காரருக்கும் தெரிந்திருந்தது.

இனி உங்கள் பவுனுக்கு வருகிறேன். ஒரு பவுன் எட்டு கிராம். அதில் எவ்வளவைச் சுரண்டிக் கொடுத்து அரை லிட்டர் பால் வாங்குவீர்கள்? உரைகல் வைத்திருப்பவர் கடையை மூடியிருப்பார். பால்காரர் எதை வைத்து மாற்றுப் பார்ப்பார்? இன்னொன்றும் உண்டு: நெருக்கடி வந்தால் உயர்ந்த உலோகம் முதலில் ஒளிந்துகொள்ளும். 1940இல் பிரான்ஸ் வீழ்ந்ததும் இங்கே நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாய் வாங்கிப் பதுக்கினார்கள். தேவைக்கு மேல் நாணயம் சேர்ப்பது குற்றம் என்று உத்தரவு போட்டு, ஒரு ரூபாய் நோட்டை அச்சிட வேண்டியதாயிற்று. பிறகு செம்புக்கும் தட்டுப்பாடு வந்து, 1943இல் நடுவில் துளை போட்ட காலணா வெளிவந்தது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ‘ஓட்டைக் காலணா’ என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். பூட்டி வைக்கத் தோன்றுகிற பொருள் கைமாறாது. கைமாறாதது பணமாக இருக்க முடியாது.

பேரன் சொல்வதில் பாதி சரி. அரிசியை ஆழாக்கு வரைக்கும் பிரிக்கலாம், நல்லதா கெட்டதா என்று எந்த வீட்டிலும் கையில் அள்ளிப் பார்த்தே சொல்லிவிடுவார்கள், யாருமே வாங்காவிட்டாலும் பொங்கிச் சாப்பிடலாம். காசு புழங்கிய காலத்திலேயே தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் கோயிலில் ஆடிய 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்குப் பங்கு வைத்தது நெல்லாகத்தான். பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம். ‘ஆடவல்லான்’ என்ற மரக்காலால் அளக்க வேண்டும் என்றுகூடக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தக் கல்வெட்டில் மிகவும் பிடித்தது இந்த மரக்கால்தான். ஆளுக்கொரு படி வைத்துக்கொண்டால் நெல் வெறும் தானியம். எல்லாரும் ஒப்புக்கொண்ட படி ஒன்று வந்த பிறகுதான் அது பணம். அரிசியில் வண்டு விழும் என்பதையும் பேரனிடம் சொல்லுங்கள். சென்னை ஈரக்காற்றில் ரொம்ப நாள் சேர்த்து வைக்க முடியாது.

அண்ணாச்சி நோட்டுக்கும் ஒரு குறை உண்டு. அந்த வாரம் அதே கடை வாசலில் ஓர் இளைஞர் நின்றிருந்தார். கட்டட வேலைக்காக வெளிமாநிலத்திலிருந்து வந்தவர், தமிழ் தெரியாது. அண்ணாச்சிக்கு அவரைத் தெரியாது, அதனால் நோட்டில் அவருக்குப் பக்கம் இல்லை. வெறுங்கையோடு திரும்பிப் போனார். என் கணக்கில் எழுதச் சொல்லியிருக்கலாம். அது எனக்கு அவர் தெருமுனை திரும்பிய பிறகுதான் உறைத்தது. இன்றுவரை மனசை அறுக்கிறது.

பவுன் காசுகளை விற்றுவிடாதீர்கள் அம்மா. ஊர் எழுந்து நின்று, நகைக்கடையும் அடகுக்கடையும் கதவு திறக்கிற அன்று அவை உதவும். அதற்கு முந்தைய நாட்களுக்காக, பத்து இருபது ரூபாய்த் தாள்களாக ஓர் ஆயிரம் ரூபாயை அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். மளிகையை மொத்தமாக ஆன்லைனில் வரவழைக்காமல், வாரத்துக்கு ஒருமுறையாவது பேரனைத் தெருக் கடைக்கு அனுப்புங்கள். அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று அண்ணாச்சிக்குத் தெரிந்திருக்கட்டும்.