பாடம் 9: அண்ணி கேட்ட கேள்வி

ஓர் ஊரில் ஓர் இளைஞன். வயது 22. கொத்து வேலை செய்து வந்தான். சில வாரங்களாக வேலை இல்லை. கடன் கொடுத்தவர் வாசலில் நின்று சத்தம் போட்டார். கவலையை மறக்கக் குடித்தான். மறுநாள் கவலை அப்படியே இருந்தது. கடன் மட்டும் கூடியிருந்தது.

வரவர யாரோடும் பேசுவதில்லை. ஆசையாக வைத்திருந்த சைக்கிளையும் நண்பனிடம் கொடுத்துவிட்டான். "எனக்கு இனிமே எதுக்கு?" என்றான்.

அண்ணிக்கு மனம் பதறியது. அவனைத் தனியே அழைத்தாள்.

"தம்பி, செத்துப் போகலாம்னு நினைக்கிறியா?"

அவன் அழுதுவிட்டான். "ஆமா அண்ணி. குடிச்சா அந்த நினைப்பு இன்னும் அதிகமா வருது."

அண்ணி திட்டவில்லை. இரவு முழுவதும் வீட்டார் அவனோடு இருந்தார்கள். பூச்சிமருந்தைப் பூட்டிச் சாவியை அண்ணி வைத்துக்கொண்டாள். காலையில் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள்.

மருத்துவர் விளக்கினார்:

"குடி துக்கத்தைப் போக்காது. மனச்சோர்வை வளர்க்கும். தூக்கத்தைக் கெடுக்கும். போதையில் நிதானம் போய்விடும். வந்து போக வேண்டிய நினைப்பு அப்போது செயலாகிவிடும். அந்த நேரத்தில் துணை இருந்தால் உயிர் தப்பும். தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். மருத்துவர் சொற்படிதான் நிறுத்த வேண்டும்."

இப்போது அவன் சிகிச்சை பெறுகிறான். வேலைக்கும் போகிறான்.

தெரிந்துகொள்வோம்

• 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தனர். அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் 18 முதல் 30 வயதுக்கு உட்பட்டவர்கள்.

• நேராகக் கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். கேட்டால் மனப்பாரம் குறையும்.

• தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை. போலீசுக்குப் பயந்து மறைக்க வேண்டாம்.

• மனநல உதவிக்கு 14416. குடியை விட உதவி பெற 14446. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

பேசுவோம்

1. இளைஞனிடம் என்னென்ன மாற்றங்களை அண்ணி கண்டாள்?
2. அவள் திட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?
3. உங்கள் தெருவில் இப்படி யாராவது ஒதுங்கி இருக்கிறாரா? இன்று அவரிடம் யார் போய்ப் பேசுவது?