பங்குனியில் உங்களை விடுவார்களா?

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் மாசி பிறந்துவிட்டால் பொங்கல் விழா, முளைப்பாரி, கொடை என்று வரிசையாக வரும். கூடவே ஸ்பெஷல் நாடகமும் வரும். பங்குனி, சித்திரை, வைகாசியில் கலைஞர்களுக்கு ராத்தூக்கம் கிடையாது. பல்கலைக்கழகங்களில் தேர்வு, டாக்டரல் கமிட்டி, ஆண்டறிக்கை எல்லாம் நெருக்கியடிப்பதும் அதே ஏப்ரல், மே மாதங்களில்தான். கலையை விடாமல் அதையே ஆராயவும் விரும்புகிறவர் மேற்படிப்புக்கு இடம் தேடும்போது முதலில் இதைத்தான் கேட்க வேண்டும்: பங்குனியில் என்னை விடுவார்களா?

நான் மேலூர்ப் பக்கத்துக்காரன். நாடக மேடையில் மிருதங்கம் வாசித்துக்கொண்டே அந்த நாடகத்தைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வும் செய்தேன். பறை, கரகம், நாடகம், சிற்பம் என்று ஏதோ ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ‘எங்கே சேரலாம்?’ என்று கேட்டு வரும் பிள்ளைகளிடம் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊர், பபூன் வேறொரு ஊர். ஒத்திகை கிடையாது. வள்ளி திருமணத்தில் நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கம் எவ்வளவு நேரம் போகும், எந்த மெட்டில் முடியும் என்பதெல்லாம் மேடையில்தான் தீர்மானமாகும். பின்பாட்டுக்காரர் ஹார்மோனியத்தில் ஒரு சுரத்தை அழுத்திப் பிடித்தால் எதிரே நிற்பவருக்கு அதன் அர்த்தம் புரியும். முன்பின் பேசிவைக்காத நான்கைந்து பேர் விடிய விடிய ஒரு நாடகத்தை எப்படிக் கட்டி எழுப்புகிறார்கள் என்பதே என் ஆய்வுக் கேள்வி. மிருதங்கத்தின் பின்னால் உட்கார்ந்திருக்காவிட்டால் இந்தக் கேள்வியே எனக்குத் தோன்றியிருக்காது. ஒரு சேர்க்கை நேர்காணலில், ‘வாசிப்பதை நிறுத்திவிட்டு வந்தால்தான் விலகி நின்று பார்க்க முடியும்’ என்றார்கள். அங்கே சேராமல் விட்டதில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை. உங்கள் கைப்பழக்கத்தை ஆய்வுக்கு இடைஞ்சலாக நினைக்கும் துறை எவ்வளவு பெரிய பெயர் பெற்றிருந்தாலும் சரி, வேண்டாம்.

கைவேலையும் ஆய்வும் ஒன்றாகப் போக முடியும் என்பதற்கு நம் பக்கத்திலேயே முன்னோடிகள் இருக்கிறார்கள். மு. ராமசுவாமி மதுரையில் 1978இல் நிஜ நாடக இயக்கத்தைத் தொடங்கினார். தோற்பாவை நிழற்கூத்தை ஆராய்ந்ததும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக நாடகத் துறையில் பாடம் நடத்தியதும் அவரே. இளையான்குடி அருகே மாரந்தையில் பிறந்த கே.ஏ. குணசேகரன் மேடையில் பாடுவதை விடாமலே புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியில் பேராசிரியராக இருந்தார். 1977இல் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பயிற்சிப் பட்டறை எந்தப் பட்டமும் தரவில்லை. ஆனால் தமிழ் நவீன நாடகத்தில் அதற்குப்பின் நடந்த பலவற்றுக்கு அதுவே வித்து. ஆகவே பெயர்ப்பலகையைப் பார்க்காதீர்கள், அங்கே யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

அதைத் தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் திரட்டி வைத்திருக்கும் சோத்கங்கா தளத்தில், நீங்கள் சேர நினைக்கும் கைடின் கீழ் வந்த ஆய்வேடுகளை இறக்கிப் படியுங்கள். முன்னுரையை விட்டுவிட்டு நடுப்பகுதிக்குப் போங்கள். கலைஞர்கள் கடைசிப் பின்னிணைப்பில் வெறும் ‘தகவலாளர்’ பட்டியலாக நிற்கிறார்களா, இல்லை அவர்கள் சொன்ன விளக்கம் அவர்கள் பெயரோடு வாதத்துக்குள் வருகிறதா? பாட்டு என்றால் சொற்கள் மட்டும்தான் அச்சாகியிருக்கின்றனவா, தாளக்கட்டும் சேர்ந்திருக்கிறதா? இரண்டு ஆய்வேடுகளைப் படித்தாலே அந்தக் கைடு கலையை எப்படிக் கேட்கிறார் என்பது தெரிந்துவிடும். யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி ஒரு பேராசிரியர் 8 பேருக்கும், இணைப்பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப்பேராசிரியர் 4 பேருக்கும் மேல் ஆய்வு மாணவர்களை வைத்துக்கொள்ள முடியாது. பிடித்த கைடிடம் இடம் காலியா என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

வெளிநாடு போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். போகலாம். மதுரை ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களைப் பற்றி விரிவான ஒரு நூலை எழுதிய சூசன் சைசர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தவர். நூல் 2005இல் வந்தது. அரசரடி இறையியல் கல்லூரியின் தியோபிலஸ் அப்பாவு உருவாக்கிய பாடல்களை ஆராய்ந்த ஸோயி ஷெரினியன் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அந்த வெஸ்லியனில்தான் 1960களிலேயே டி. ரங்கநாதன் மிருதங்கம் கற்றுக்கொடுத்தார். பின்னால் அவர் தம்பி டி. விஸ்வநாதன் புல்லாங்குழல் கற்றுக்கொடுத்தார். ஆராய வருகிறவரை வாத்தியத்தைக் கையில் எடுக்கச் சொல்லும் பழக்கம் அங்கே வேரூன்றியது அப்படித்தான். இந்த ஆய்வுகளையெல்லாம் நம் பிள்ளைகள் படிக்க வேண்டும். படித்துவிட்டு, நம் மேடைக்குள்ளிருந்து ஒருவர் எழுதினால் இதில் எது மாறும் என்று யோசிக்க வேண்டும். அந்த யோசனை வந்தபின் வெளிநாட்டு விண்ணப்பத்தைத் தொடுங்கள்.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசிவிடுவோம். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். நாட்டார் இலக்கியம், நிகழ்கலை, இசை, காண்கலை என்று நமக்கேற்ற பாடங்கள் அந்தத் தேர்வில் தனித்தனியாகவே உள்ளன. தமிழ்ப் பாடத்தில் மட்டும்தான் எழுத வேண்டும் என்றில்லை. ஜே.ஆர்.எஃப். இல்லாமல் பகுதிநேரமாகச் சேர நினைத்தால் வேறொரு சிக்கல் வரும். வேலை பார்க்கும் இடத்திலிருந்து தடையில்லாச் சான்று, அதாவது என்.ஓ.சி. கேட்பார்கள். பபூன் வேஷம் கட்டுகிறவருக்கு எந்த அதிகாரி என்.ஓ.சி. தருவார்? அதற்குப் பதிலாக உங்கள் கலைஞர் சங்கத்தின் கடிதத்தை ஏற்பார்களா என்று பணம் கட்டுமுன் பதிவாளர் அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேளுங்கள். வாய்ப்பேச்சு போதாது.

பட்டியல் இன மாணவர்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கோபத்தோடுதான் சொல்கிறேன். வெளிநாட்டில் படிக்க ஒன்றிய அரசு தரும் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில், இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு பற்றிய ஆய்வுகளுக்குப் பணம் இல்லை என்று 2022இல் விதியை மாற்றினார்கள். பறையடிக்கும் குடும்பத்துப் பெண் பறையைப் பற்றி லண்டனில் ஆராய அந்தப் பணம் உதவாது என்பதே அதன் பொருள். இது அநியாயம். எனவே ஒரே உதவித்தொகையை நம்பி இருக்காதீர்கள். விண்ணப்பிக்கும் ஆண்டின் விதிமுறையை முழுக்கப் படியுங்கள். ஆய்வு மாணவர்களுக்குத் தாங்களே கட்டண விலக்கும் மாதப்படியும் தரும் பல்கலைக்கழகங்கள் அமெரிக்காவில் பல உண்டு. அவற்றின் விண்ணப்பக் கெடு பெரும்பாலும் டிசம்பரை ஒட்டி வரும். நாடகம் குறைந்திருக்கும் ஐப்பசி, கார்த்திகையில் உட்கார்ந்து எழுதினால் மாசிக்கு முன் வேலை முடிந்துவிடும்.